எழில்வேந்தனின் கடைசி அத்தியாயம்

இறந்துபோன புருஷனின் குரலை அன்று காலையில் கோகிலவாணி ஏழெட்டுப் பெண்களின் செல்போனில் கேட்டாள்.

டவுன் பஸ் தவறிவிட்டதால், முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறியிருந்தாள். டிரைவர் பழைய ஆள். பெருமாநல்லூர் முக்கில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். உள்ளே தையல் பெண்களும் செக்கிங் பெண்களும் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் காதில் இயர்போன். மற்றவர்கள் அந்தச் சிரமமெல்லாம் படாமல் ஸ்பீக்கரிலேயே போட்டிருந்தார்கள்.

"மழ வர்ற மாதிரி இருக்குது கண்ணு. கொடியில கெடக்கற துணிய எடுத்துரு" என்றது முன்சீட்டுப் போன்.

"உன்னயத் தொடறதுக்கு எனக்குக் கையில்ல கண்ணு. ஆனா நீ தல வாரறப்ப அந்தச் சீப்பு நான்தான்" என்றது பின்சீட்டுப் போன்.

முதலாவது அவள் புருஷன் குழந்தைவேலு நிஜமாகவே சொன்னது. 'கண்ணு' மட்டும் கோகிலவாணி சேர்த்தது. இரண்டாவது முழுக்க முழுக்க அவள் எழுதியது. அப்படியொரு வாக்கியத்தைக் குழந்தைவேலு உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் வெட்கப்பட்டு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருப்பார்.

"ஏன்டி சௌடேஸ்வரி, நேத்து நம்ம வேந்தன் உங்கிட்ட என்ன சொன்னாப்டி?" என்று ஒரு பெண் முன்சீட்டுக்காரியின் தோளில் தட்டினாள்.

"உனக்கெதுக்குக்கா? அது எங்க ரெண்டு பேத்துக்குள்ள."

"ரெண்டு பேத்துக்குள்ளயாமா! இந்த பஸ்சுல இருக்கற அத்தன பேத்துக்கும் அவன்தான்டி புருசன்."

பஸ்ஸே சிரித்தது. மூக்குத்தி போட்ட ஒரு பெரிய பெண் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, பேயோட என்னடி பேச்சுன்னு. உங்களுக்குச் சோறாக்கோணும், துணி தொவைக்கோணும், சனிக்கெழமையானா கோட்டருக்குக் குடுக்கோணும். பேய்க்கு என்னங்க, நான் பேசுனதக் கேட்டுக்கிட்டாப் போதும்னுட்டேன்."

கோகிலவாணியும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவர்கள் உயிரை விடும் 'நிழலுக்கு வியர்க்காது' ஒலித்தொடரை யாமினி என்ற புனைபெயரில் எழுதுகிறவள், சாயம் போன பச்சைச் சேலையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எழில்வேந்தனாகப் பேசுகிறவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் கருமாதி நடந்தது என்பதும் தெரியாது.

அவள் எழுத ஆரம்பித்த காலத்தில் பேய்க்காதலுக்கு இவ்வளவு மவுசு இல்லை. 'காதோரம்' என்ற செயலியில் பத்தோடு பதினொன்றாக ஒரு கதை எழுதினாள். ரோட்டில் அடிபட்டு இறந்த ஒரு டிரைவர், லைன் வீட்டில் தனியாக இருக்கும் தையல்காரி ஒருத்தியின் மேல் ஆசைப்பட்டு நிழலாக வந்து நிற்கிறான். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், வரதட்சணை கேட்க அவனுக்கு அம்மா கிடையாது. அவள் தைக்கும்போது பக்கத்தில் நிற்பான். அவ்வளவுதான் கதை. அது எப்படியோ பற்றிக்கொண்டது. மிஷின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கிற பெண்களுக்குக் கண்ணும் கையும்தான் வேலையில் இருக்கும். காது சும்மா கிடக்கும். அந்தக் காதுக்குள் எழில்வேந்தன் குடிபுகுந்தான். அப்புறம் எல்லோரும் பேய்க்காதல் எழுதினார்கள். ஒருத்தி முனியைக் காதலித்தாள், இன்னொருத்தி ஐந்நூறு வருஷம் தூங்கி எழுந்த இளவரசனை. மனுஷனை மனுஷி காதலிக்கிற கதையை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் செயலிக்காரர்கள் 'நேர்க்குரல்' கொண்டுவந்தார்கள். அத்தியாயம் முடிந்ததும் கேட்கிறவள் கதாநாயகனோடு பேசலாம். அவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான், நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருந்து விசாரிப்பான். அதற்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. கோயமுத்தூர் ஆபீசில் நிவேதன் என்கிற பையன்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. பெரிய பெரிய டப்பிங் ஆட்களை வைத்துப் பார்த்தான்.

"எல்லாம் செய்தி வாசிக்கற மாதிரியே இருக்குதுக்கா. உங்க மனசுல அவன் எப்பிடிப் பேசுவான்? ஒரு மாதிரி காட்டுங்களேன்" என்றான்.

மாதிரி காட்டத்தான் அவள் போனை எடுத்தாள்.

குழந்தைவேலு பீஸ் வண்டி ஓட்டியவர். வெட்டிய துணிக்கட்டுகளைக் கட்டிங் கம்பெனியில் ஏற்றித் தையல் யூனிட்டுகளில் இறக்குவது வேலை. வண்டியோட்டிக்கொண்டே எழுத்துத் தட்ட முடியாது என்பதால் நாளெல்லாம் குரலாகவே அனுப்பிக்கொண்டிருப்பார். மழை வருது, துணியை எடு. தண்ணி லாரி நம்ம வீதிக்குள்ள திரும்பிருச்சு, குடத்தை எடுத்து வை. சாப்டியா. வரும்போது தக்காளி வேணுமா. அவிநாசி ரோட்டில் லாரிக்கு அடியில் போன அன்றைக்குக் காலைவரை அனுப்பியதெல்லாம் அவள் போனில் இருந்தது. ஒன்றைக்கூட அழித்ததில்லை.

ஆபீஸ் அறையில் அவர் குரல் "சாப்டியா?" என்று கேட்டதும் எல்லோரும் போனை நோக்கிக் குனிந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான்க்கா" என்றான் நிவேதன்.

"இது எங்கூட்டுக்காரரு."

"தெரியுதுக்கா. ஆனா மிஷின்ல ஏத்துனதுக்கப்புறம் அது அவரு இல்ல. அவரு மாதிரி பேசற ஒரு கணக்கு. அவ்வளவுதான்."

அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். குரல் போனுக்குள் சும்மாதானே கிடக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து நிவேதன் அந்தக் குரலில் முதல் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அன்பு, ஆசை என்று வாயைத் திறக்காத மனுஷன், "நீ இல்லாத எடத்துல எனக்கு வெளிச்சம் எதுக்கு கண்ணு?" என்றார். கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைக்க அவளுக்குப் பிடிப்பதில்லை.

பஸ் ஏறிய அன்று அமாவாசை. மாசாமாசம் அமாவாசைக்கு அவள் பெருமாநல்லூர் போவாள். அங்கே அவளுடைய மாமியார் பழனாத்தாள் தனியாக இருக்கிறாள். அவர் போன பிறகு இரண்டு பேருக்கும் இடையில் சண்டை ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. கோகிலவாணி திருப்பூரில் வாடகை வீடு பார்த்துக்கொண்டாள். அமாவாசைக்கு மட்டும் போய், படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள்.

முக்கில் இறங்கி வீட்டுக்குப் போனபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. தாழ்வாரத்தில் பனியன் குவியல். அந்த வீதியில் வீட்டுக்கு வீடு பிசிறு வெட்டும் வேலைதான். கம்பெனி வண்டி பனியனைக் கொட்டிவிட்டுப் போகும். தையலில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரியால் வெட்டி அடுக்கி வைத்தால் மறுநாள் வந்து எடுத்துப்போகும். நாலைந்து பெண்கள் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கூடி உட்கார்ந்து, நடுவில் ஒரு போனைப் பாட வைத்துவிட்டு வெட்டுவார்கள். இன்றைக்கு அத்தையின் தாழ்வாரத்தில் யாரையும் காணோம்.

மதிலைப் பார்த்தாள். காக்கைக்கு வைக்கிற வாழையிலைத் துண்டும் இல்லை.

உள்ளறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னிக்கு ஏன் கண்ணு இத்தன நேரம்?" அவர்தான் கேட்டார்.

"வேலையிருந்துச்சுங்க. அமாவாசையில்ல, வீடு வாசல் கழுவுனேன்." அத்தையின் குரல், வயசைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிற மெல்லிய குரல்.

"உங்கையில கழுவுன வாசல்ல நிக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் கோகிலா."

கோகிலவாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் எழுதிய வரி. பதினெட்டாம் அத்தியாயமோ என்னவோ. அதைக் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவரைப் பெற்றவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். திடுக்கிடவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு, ரகசியம்போல, "வா கண்ணு, வா. நல்ல நேரத்துக்கு வந்த" என்றாள்.

"என்னங்த்தே இது?"

"நம்ம குழந்தைவேலுதான். சத்தமாப் பேசாத." அத்தை அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எவ்வளவு காலத்துக்கப்புறம் பிடித்த கை. "பிசிறு வெட்டறப்ப பக்கத்து வீட்டுச் சுகந்தி போன்ல கதை போட்டா. கேட்டதும் எங்கையில இருந்த கத்தரி கீழ விழுந்துருச்சு. எம் பையன்டி இதுங்கறேன், எல்லாளுகளும் சிரிக்கறாளுக. அப்பறம் அவகிட்டச் சொல்லி எனக்கொரு போன் வாங்கி இதப் போட்டுக்கிட்டேன். மொத நா என்ன கேட்டான் தெரியுமா? உம் பேரென்ன கண்ணுன்னான். பெத்தவகிட்டப் பேரு கேக்கறான் பாரு!"

"அத்தே…"

"சித்த இரு. செத்தவங்களுக்கு எல்லாம் மறந்துருமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஆனா பேசறதப் பாத்தா பொண்டாட்டிகிட்டப் பேசற பேச்சாவே இருக்குது. சரி, இவன் தேடி வந்தது உன்னயத்தான், வழி தெரியாம எங்கிட்ட வந்துட்டான்னு புரிஞ்சுபோச்சு. நான் உங்கம்மாடான்னு சொன்னா வெக்கப்பட்டுப் போயிருவான், அப்பறம் வரமாட்டான். அதுதான் கோகிலாதாங்க பேசறேன்னுட்டேன்."

கோகிலவாணி திரும்பி மதில் பக்கம் பார்த்தாள்.

"காக்காய்க்குச் சோறு வெக்கலீங்களா?" என்று வேறென்னவோ கேட்டாள்.

"பேசிட்டிருக்கறவனுக்கு எதுக்கு கண்ணு காக்காய்க்கு வெக்கறது?" அத்தை போனை அவள் கையில் திணித்தாள். "இந்தா, நீயே பேசு. எனக்கு இதுக்கு மேல புளுக முடியல. அவன் கொஞ்சறதக் கேட்டுட்டுப் பெத்தவ உக்காந்திருக்கறது பாவமில்லியா? பேசு."

அத்தையின் கண்ணில் இருந்த ஆவலைத் தாங்க முடியாமல் கோகிலவாணி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நான்… நான்தாங்க. கோகிலா."

 அப்புறம் குழந்தைவேலுவின் குரல், அந்நிய வீட்டு வாசலில் நின்று பேசுகிற மரியாதையோடு சொன்னது: "உங்க குரல் புதுசா இருக்குதுங்களே. கோகிலா இல்லீங்களா? கொஞ்சம் கோகிலாகிட்டக் குடுங்க."

அத்தை பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினாள். "இருக்கறனுங்க, இங்கதான் இருக்கறேன்…"

கோகிலவாணி எழுந்து வெளியே வந்து பனியன் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

*

"டெக்னிக்கலா அது சரியாத்தான்க்கா பண்ணிருக்கு" என்றான் நிவேதன். "ஒரு போன்ல யாரு மொதல்ல பேசறாங்களோ அவங்க குரலைப் பதிஞ்சு வெச்சுக்கும். வேற யாராவது எடுத்துப் பேசுனா கொஞ்சாது. இல்லீன்னா வீட்டுக்குள்ள சண்டை வந்துருமில்ல?"

கோகிலவாணி அவன் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் கெட்டவன் இல்லை. அவள் அழுவாள் என்று பயந்து முன்கூட்டியே டீ சொல்லி வைத்திருந்தான்.

"அந்தக் குரலை நிறுத்தோணும் நிவேதன்."

"பாதியில எப்பிடிக்கா நிறுத்தறது? லட்சக்கணக்குல கேக்கறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டதுலயே இருக்கு, கதை ஓடற வரைக்கும் குரல் ஓடும்." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணலாம். உங்க மாமியார் போனுக்கு மட்டும் தனியா ஒண்ணு செட் பண்ணித் தர்றேன். காதல் பேச்சே வராது. அம்மான்னு கூப்பிடும். மாத்திரை போட்டியான்னு கேக்கும். கடைசி வரைக்கும் ஒரு கொறையும் இல்லாமப் பேசிட்டே இருக்கும். சொல்லப்போனா நாங்களே அப்பிடி ஒண்ணு கொண்டுவரலாம்னு இருக்கோம்."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அத்தை அந்தக் குரலுக்கு "சொல்லு சாமி" என்று கூச்சமில்லாமல் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு சுலபம். அத்தைக்கும் நிம்மதி. தான் செய்தது அத்தைக்குத் தெரியவும் வராது. அந்தக் கடைசி நினைப்பு வந்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்க இந்த அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வெக்கலீங்க" என்றாள்.

நிவேதனுக்குப் புரியவில்லை. "அப்பிடீன்னா?"

"அவங்களுக்கு அவரு இன்னும் சாகலை. நான் என்ன பண்ணோணும், அதச் சொல்லுங்க."

"கதைய முடிங்க. கதை முடிஞ்சா நேர்க்குரல் நின்னுரும். பழைய அத்தியாயமெல்லாம் கேக்கறவங்களுக்கு இருக்கும், அத எடுக்க முடியாது. ஆனா பதில் பேசாது." பெருமூச்சு விட்டான். "நல்லா ஓடற கதைக்கா. மனசே வரல. முடிக்கறதுன்னா அழுத்தமா முடிங்க. கேக்கறவங்களுக்குப் போயிட்டான்னு தெரியோணும்."

போய்விட்டார் என்று தெரிய வேண்டும். அதைத்தான் அவளும் எழுத உட்கார்ந்தாள்.

எழில்வேந்தனுக்கு நிழலாக இருக்க விதித்த காலம் முடிகிறது. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு வாசல்வரை வருகிறாள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, அவன் உருவம் காலிலிருந்து கரைகிறது. அழக்கூடாது என்கிறான். இன்னொருத்தனைக் கட்டிக்கோ என்கிறான். உசுரோட இருக்கறவனுக்கு வியர்க்கும், அந்த வாசனை உனக்குப் பிடிச்சுப்போகும் என்கிறான். கோகிலவாணி தடங்கலில்லாமல் எழுதினாள். ஒரே ஒரு வரி பாக்கி. அவன் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

'நான் போறேன் கண்ணு.'

தட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருடைய குரலில் அது எப்படிக் கேட்கும் என்று காதுக்குள் ஓடியது. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்கியதில்லை. சின்னக் குழந்தை வாய் தவறிச் சொன்னால்கூடத் திரும்பக் கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புவார்கள். கட்டிய புருஷன் வாயில் அந்த வார்த்தையை இவள் கையாலேயே வைப்பதா? செத்த மனுஷன்தான். இருந்தாலும்.

அழித்துவிட்டு, 'போயிட்டு வர்றேன் கண்ணு' என்று எழுதினாள். எல்லோரும் சொல்கிற சொல்தானே. இதற்கு முன்னால் இவ்வளவு சொல்லியாகிவிட்டது. கேட்கிறவர்களுக்குப் புரியாதா என்ன? அனுப்பிவிட்டாள்.

*

கடைசி அத்தியாயம் வந்த மறுநாள் காலையிலேயே நிவேதன் போன் செய்தான்.

"அக்கா, என்னமோ முடிக்கறேன்னு சொன்னீங்க. கலக்கிட்டீங்க போங்க! ரெண்டாம் பாகம் எப்பன்னு கேட்டுக் குவியுது."

"என்னங்க சொல்றீங்க? அதுதான் போயிட்டாரே."

"வர்றேன்னு சொல்லிட்டுத்தானக்கா போயிருக்காரு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அதே கம்பெனி பஸ். அழுது வீங்கிய முகங்களை எதிர்பார்த்து ஏறினாள். பஸ்ஸில் வழக்கமான சிரிப்புதான்.

"என்ன சௌடேஸ்வரி, வேந்தன் போயிட்டாப்டி. இனியாச்சும் உங்கப்பன் பாக்கற மாப்பிள்ளைக்குத் தலைய நீட்டுவியா?" என்று மூக்குத்திக்காரி சீண்டினாள்.

"ஐப்பசி வரைக்கும் பாக்க வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டேனுங்க்கா."

"ஏன்டி?"

"அதுக்குள்ள வந்துருவாப்டியில்ல" என்றாள் சௌடேஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபின் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதைக் கோகிலவாணி மட்டும்தான் பார்த்தாள்.

பெருமாநல்லூர் வீட்டின் கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. வாசலில் சாணி தெளித்துப் பெரிய கோலம். உள்ளே நெய் மணத்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேக வைத்த சோறு, குழந்தைவேலு வழித்து வழித்துச் சாப்பிடுவது. கூடத்தில் ஒரு தட்டும் ஒரு சொம்புத் தண்ணீரும். தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை நிலைவாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றேன்னான் கண்ணு" என்றாள். "அதுக்கப்பறம் கூப்பிட்டா எடுக்கறதில்ல. வழியில வர்றானாட்ட இருக்குது."

கோகிலவாணி படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் எப்படியெப்படியோ ஆரம்பித்துப் பார்த்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

"அத்தே, அது அவரு இல்லீங்க. அந்தக் கதை நான் எழுதறது. அவரு எனக்கு அனுப்புன பேச்சையெல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கம்பெனிக்காரங்ககிட்டக் குடுத்தேன். அத வெச்சு ஒரு மிஷின் அவராட்டம் பேசுது. நான் எழுதறதத்தான் பேசுது."

கத்தரி நிற்கவில்லை. ஒரு பனியன் முடிந்தது. அத்தை அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அந்தக் கண்ணுங்கறது?"

"நான் எழுதுனதுங்."

"அவனச் சின்னதுல நான் அப்பிடித்தான் கூப்பிடுவேன். அதுதான் ஞாபகமாச் சொல்றான்னு நெனச்சேன்." ஒரு நூலை வெட்டிவிட்டு, "மழ வருது, துணிய எடுன்னானே, அது?"

"அது அவரு சொன்னது. நெசமாலுமே."

"அது மட்டும் நெசம்."

"ஆமாங்த்தே."

"போயிட்டு வர்றேன்னது?"

"நான்தானுங் எழுதுனேன். வேற மாதிரி எழுதோணும்னுதான் உக்காந்தேன். கை வரலீங்."

கத்தரி நின்றது. அத்தை வாசலைப் பார்த்தாள், கோலத்தைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கோகிலவாணி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அன்னிக்கு வண்டியெடுக்கறப்பவும் இந்த வாசல்ல நின்னு எங்கிட்ட அதயேதான் சொல்லிட்டுப் போனான்" என்றாள் அத்தை. குரலில் கோபமே இல்லை. "அத யாரு கண்ணு எழுதுனது?"

பதில் கேட்கிற மாதிரியும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். அடுப்பிலிருந்த சட்டியை எடுத்து வந்து, கூடத்துத் தட்டில் ஒரு கரண்டி போட்டு, அந்தத் தட்டோடு வெளியே வந்தாள். மதிலில் சோற்றை வைத்தாள். வைத்துவிட்டு, காக்கையைக் கூப்பிட்டாள்.  மறுபடி கூப்பிட்டாள். மகன் இரண்டாம் தடவையாகச் செத்துப்போனதற்கு அவள் கூப்பிடுகிறாள் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. முதல் தடவை அவரைக் கொன்றது லாரி. இந்தத் தடவை, தான்.

காக்கை வரவில்லை.

"பஸ்சுக்கு நேரமாச்சில்ல, கெளம்பு" என்றாள் அத்தை, கையைக் கழுவிக்கொண்டே.

கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போய்த் திரும்பினாள். சொல்லிக்கொண்டு போக வேண்டும். அத்தையும், சரி பாத்துப் போ என்று சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தாள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். தினமும் யோசிக்காமல் வருகிற அந்த இரண்டு சொல் இன்றைக்கு வரவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் படியைத் தாண்டவும் முடியாது.

முக்கில் பஸ் ஹாரன் கேட்டது. கேட்டு, தூரமாகிப் போனது.

பையைக் கீழே வைத்துவிட்டு வந்து குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.  அத்தை ஜன்னல் மேட்டில் கிடந்த இன்னொரு கத்தரியை எடுத்துத் தரையில் தள்ளிவிட்டாள். இரண்டு பேரும் பிசிறு வெட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் சுகந்தி கதையை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி போட்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"மழ வர்ற மாதிரி இருக்குது கண்ணு. கொடியில கெடக்கற துணிய எடுத்துரு."

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் மதிலின் மேல், சோற்றின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

அத்தை கத்தரியை வைத்துவிட்டு எழுந்தாள். கொடியில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.